மழை தூறினால் மரத்து லைட் ட்ரிப் ஆகிறது – ரோட்டு மரங்களுக்குக் கரன்ட் எங்கிருந்து எடுக்கிறார்கள்?

வாசல்மரம்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் எங்கள் தெருவில் பொங்கலுக்காக ஆறு புங்க மரங்களில் எல்இடி சீரியல் செட் சுற்றியிருக்கிறோம். மரத்துக்கு இரண்டு, மொத்தம் 12 செட். எங்கள் வீட்டு போர்ட்டிகோ ப்ளக்கிலிருந்து ஒயர் இழுத்து, மரத்துக்கு மரம் ஜாயின்ட் அடித்துக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். காய்ந்த நாளில் விடிய விடிய எரிகிறது. தூறல் விழுந்தால் பத்தே நிமிடம், வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடுகிறது. லோடு தாங்கவில்லையா? ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? பெரிய ரோடுகளில் வரிசையாக மரங்களில் விளக்கு எரிகிறதே, அதற்கெல்லாம் கரன்ட் எங்கிருந்து? பக்கத்து விளக்குக் கம்பத்திலேயே எடுத்துவிட்டால் தொல்லை தீருமா?

பழைய ஒயர்மேன்:
சார், முதலில் அந்த எலக்ட்ரீஷியனைத் தடுத்து நிறுத்துங்கள். லோடு காரணமே இல்லை. செட்டுக்கு 8 வாட் என்று வைத்தாலும் மொத்தம் 96 வாட், ஒரு ஃபேனும் ஒரு எல்இடி ட்யூப்லைட்டும் எடுக்கிற அளவுதான். லோடு கூடினால் எம்சிபி என்கிற வேறொரு சுவிட்ச்தான் விழும். பேஸ் ஒயரில் போன கரன்ட் முழுசாக நியூட்ரல் ஒயரில் திரும்பாவிட்டால் விழுவது ஆர்சிசிபி. வீட்டில் மாட்டும் ஆர்சிசிபி விழ 30 மில்லியாம்பியர் கசிவே போதும். உங்கள் தெருவில் அந்தக் கசிவு ஈரமான மரப்பட்டை வழியாக மண்ணுக்கு இறங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அந்த மரத்தைத் தொட்டால் காப்பாற்றப்போவது அந்த ஒரு பெட்டிதான்.

ரோட்டு மர விஷயம்: நான் தெருவிளக்கு வேலை பார்த்தவன். தெருவிளக்குக்கு, தெருவோரம் நிற்கும் மின்பெட்டியான பில்லர் பாக்ஸிலிருந்து தனி லைன் போகும். டைமர் மாலையில் போட்டு, விடிந்ததும் நிறுத்திவிடும். மர விளக்கு நிரந்தரமாக என்றால் அனுமதியோடு அங்கிருந்தோ தனி மீட்டரிலிருந்தோ குழாய்க்குள் கேபிள் இழுத்து, கம்பத்தில் கைக்கெட்டாத உயரத்தில் பெட்டி வைப்பார்கள். நாலு நாள் விழாவுக்கு என்றால் ஜெனரேட்டர், இல்லாவிட்டால் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு. நீங்களாகக் கம்பத்தில் எடுத்தால் அது மின் திருட்டு, 2003 மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவு. உயிருக்கும் ஆபத்து.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பாருங்கள். டேப் மட்டும் சுற்றியிருந்தால் அங்கேதான் தண்ணீர். அப்புறம் செட்டின் கன்ட்ரோலர் பெட்டி, ஒயர் நுழையும் பக்கம் மேலே பார்த்தபடி தொங்கினால் மழை நேராக உள்ளே போகும்.

கடைக்காரத் தம்பி:
அண்ணா சொன்னதோடு ஒன்று. அடுத்த வருஷம் 24 வோல்ட் எல்இடிக்கு மாறுங்கள், கசிந்தாலும் ஷாக் பயம் மிகக் குறைவு. ஆனால் வீட்டுக் கரன்ட்டை 24 வோல்ட்டாகக் குறைக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வீட்டில் வைத்து 40 மீட்டர் இழுக்காதீர்கள். 96 வாட்டுக்கு 24 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். 1 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயரில் போக வர 5 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும், கடைசி மரம் மங்கலாகத்தான் தெரியும். இரண்டு மரத்துக்கு ஒன்றாக, மழை புகாத பெட்டியில் மரத்துக்குக் கிட்டேயே வையுங்கள்.

புங்கநிழல்:
மரத்துக்காக ஒரு வேண்டுகோள். ஆணி அடித்திருந்தால் தயவு செய்து பிடுங்கிவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் சாறு ஓடுகிறது. ஒயரை இறுக்கிச் சுற்றி வருஷக்கணக்கில் விட்டால் மரம் பருத்து, ஒயர் சதைக்குள் புதைந்துவிடும். தளர்வாகக் கட்டி, பொங்கல் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். விடிய விடியவும் வேண்டாம், மைனா அடையும் மரங்கள் அவை. பத்து மணிக்கு அணைத்தால் என்ன?

வாசல்மரம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தோம். மூன்றாவது மரத்து ஜாயின்ட்டில் டேப் பிரிந்து உள்ளே பச்சையாகக் களிம்பு. நான்காவதில் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தண்ணீர். எல்லா ஜாயின்ட்டையும் தரையிலிருந்து உயர்த்தி, மழை புகாத பெட்டிக்குள் போட்டுவிட்டார். அந்தக் கன்ட்ரோலர் போன செட்டைத் தூக்கிப் போட்டோம். ராத்திரி ஒரு மணி நேரம் நல்ல மழை, ஆர்சிசிபி விழவில்லை. ஆணி பதினொன்று இருந்தது, எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. பத்து மணிக்கு அணைக்க டைமர் வாங்கப் போகிறேன். தம்பி, 10 ஆம்பியர் டைமர் ப்ளக் போதுமா?

கடைக்காரத் தம்பி:
தாராளமாகப் போதும் சார். வீட்டுக்குள் இருக்கும் ப்ளக்கில் மாட்டுங்கள், வெளியே வேண்டாம்.