ஜெர்மனியில் நர்ஸ் வேலை: விசா கிடைத்த பிறகுதான் கதையே ஆரம்பம்

ஜெர்மனி வந்த கதையை ஐடி வேலையோடு வந்தவர்களும் படிக்க வந்தவர்களும் இந்தக் குழுவில் நிறைய எழுதிவிட்டீர்கள். நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள் யாரும் எழுதவில்லையே என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள், அவளுக்காக இது. ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை படி, இன்டர்வியூ கொடு, விசா வாங்கு, விமானம் ஏறு என்பதெல்லாம் ஏஜென்சிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். இறங்கின பிறகு இங்கேயே தங்கலாம் என்று ஒரு அட்டை கைக்கு வரும்வரை என்ன நடக்கும் என்பதை எவனும் சொல்வதில்லை.

நான் நாகர்கோவில் பக்கம். விவாகரத்து ஆன பிறகும் ஊரில்தான் இருந்தேன், வாழவே முடியாது என்றெல்லாம் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் பார்த்து "நீ கொஞ்சம் பின்னால நில்லு மக்களே" என்று சொல்லும் அத்தைமாரும், தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக நின்றதற்குக் கொடுத்த சம்பளமும் சேர்ந்து போதும் என்று ஆக்கிவிட்டன. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு 2021இல் வந்தேன். ஏஜென்சி பற்றி ஒன்றே ஒன்று: நர்ஸிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முறையாக ஆள் எடுக்கிற இடங்களில் முதலாளிதான் அந்தச் செலவை ஏற்கிறார், அதற்கென்றே ஜெர்மன் அரசு ஒரு தரமுத்திரையும் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் "இத்தனை வருஷத்துக்குள் வேலையை விட்டால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையதில் இருந்தது.

வந்து இறங்கியது மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு சின்ன ஊர். பழைய நிலக்கரிச் சீமை, கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில்தான் பொட்ராப்பில் மூடினார்கள். வந்த 2 வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, அதோடு மற்றதெல்லாம் இழுபறிதான். அப்புறம் தபால் பெட்டி. அதில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கும், அதனால் பெட்டியிலும் அதுதான், வார்டிலும் என்னை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

முதல் ஒரு வருஷம் நீங்கள் நர்ஸே இல்லை, உதவியாளர். நம் பட்டத்தைப் பார்த்துவிட்டு என்னென்ன குறைகிறது என்று ஒரு கடிதம் வரும், பெரும்பாலும் முதியோர் பராமரிப்பில் கை வைப்பார்கள். அதை ஈடுகட்ட ஒன்று பயிற்சி, இல்லையென்றால் வாய்மொழியும் செய்முறையும் சேர்ந்த தேர்வு. நான் தேர்வு எழுதினேன். ஒவ்வொரு பகுதிக்கும் இன்னொரு வாய்ப்பு மட்டும்தான் தருவார்கள், அந்தப் பயம் வேறு. ஊரில் ஊசி, சொட்டு மருந்து, டாக்டர் ரவுண்ட்ஸ் என்று இருந்தவர்களுக்கு இங்கே முதல் அதிர்ச்சி, நோயாளியைக் குளிப்பாட்டுவதும் பல் செட்டைக் கழுவி மாட்டிவிடுவதும் நர்ஸின் வேலை என்பது. நம் ஊரில் அதைக் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், இங்கே கூட இருக்க யாரும் இல்லை. என் செய்முறைத் தேர்வுக்கு வாய்த்த நோயாளி சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு தாத்தா, நுரையீரல் முழுக்கக் கரித்தூள். முதுகு துடைக்கத் துணியை நனைத்துவிட்டு, சூடு சரியா என்று முதலில் அவர் கையில் வைத்துக் கேட்டேன். தேர்வாளர்கள் இரண்டு பேரும் குனிந்து ஏதோ எழுதினார்கள். "எழுதுறதை நிறுத்திட்டு இந்தப் பொண்ணைப் பாருங்கய்யா" என்கிற மாதிரி தாத்தா ஒரு அதட்டல் போட்டார். அது மதிப்பெண்ணில் சேர்ந்ததா தெரியாது, நான் பாஸ்.

கவனிக்க வேண்டியது இதுதான்: நர்ஸுகளுக்கு நிரந்தர அனுமதிக்கான கணக்கு விமானத்தில் இறங்கின நாளிலிருந்து ஓடுவதில்லை. தேர்வு முடிந்து தகுதிபெற்ற பணியாளர் என்று அனுமதி மாறிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். முன்பு 4 வருஷம், இப்போது 3 ஆக்கிவிட்டார்கள். உதவியாளராக ஓட்டிய காலம் அதில் சேராது. அதனால் "முதலில் கொஞ்சம் சம்பாதிப்போம், தேர்வை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அனுமதி முடிகிற தேதி நெருங்கியது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. இணையத்தில் காலை, நடுராத்திரி என்று பார்த்தாலும் இடம் காலி இல்லை என்றே வரும். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இந்தச் சமயத்தில்தான் ஹம் என்கிற ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். 2002இல் குடமுழுக்கு ஆன கோயில், தொழிற்பேட்டை நடுவே ராஜகோபுரம் நிற்கும். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஈழத்து அம்மா, முகத்தைப் பார்த்தே "என்ன பிள்ளை, விசாப் பிரச்சினையோ?" என்று கேட்டார். அவர் 80களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். "எங்களுக்கு டுல்டுங்தான். மூண்டு மாசம், ஆறு மாசம் எண்டு குத்தித் தருவாங்கள். பெட்டியைக் கட்டி வச்சுக்கொண்டுதான் பிள்ளையள வளர்த்தனாங்கள். இந்த ஊர் எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி கேக்கோணும்." டுல்டுங் என்பது தங்கும் உரிமை கிடையாது, இப்போதைக்கு வெளியே அனுப்பவில்லை என்று சொல்லும் தாள், அவ்வளவுதான். அதோடு வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார். அவர் சொன்னது: "ஒண்டையும் வாயால கேக்காத. எழுதி அனுப்பு. திகதி முடிய முந்தி அனுப்பு. அனுப்பினதுக்கு ஆதாரம் வச்சிரு."

அன்று ராத்திரியே நீட்டிப்பு விண்ணப்பத்தை எழுதி, காலையில் பதிவுத் தபாலில் போட்டேன். பழைய அனுமதி காலாவதி ஆகும் முன் விண்ணப்பம் போய்விட்டால், அவர்கள் முடிவு சொல்லும்வரை பழையது நீடிப்பதாகச் சட்டம் கருதும். அதற்குச் சான்றாகப் பச்சை நிறத்தில் மடிப்புத் தாள் ஒன்று தருவார்கள், ஃபிக்ஷன் என்று நம் ஆட்கள் சுருக்கிச் சொல்வார்கள். அதை வாங்கினவுடன் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே நின்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்குவதற்கான சட்டத்தின் 81ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு என்றால் வேலை பார்க்கலாம், ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் நாட்டுக்குள் இருக்கலாம், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது.

என்னுடையது 4. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஓடினேன், திரும்பும்போது சென்னை கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். "மேடம், கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சே." பச்சைத் தாளைக் காட்டினேன். அந்தப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். அவர் யாருக்கோ போன் போட்டார். எனக்குப் பின்னால் வரிசை குறைந்து குறைந்து காலியானது. கடைசியில் போர்டிங் பாஸ் வந்தது. ஜெர்மனியில் இறங்கி எல்லைப் போலீஸிடம் நீட்டினால், அவர் ஒரு பார்வை பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ஃபிக்ஷனோடு பயணம் போகிறவர்கள் காலாவதியான கார்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நேராக ஜெர்மனிக்கே வரும் விமானமாகப் பாருங்கள்.

மகளைக் கூட்டி வந்தது தனிப் புராணம். தனியாக இருக்கும் தாய் என்றால், பிள்ளை 16 வயதுக்குள் இருக்கும்போதே விண்ணப்பிக்கப் பாருங்கள், கோர்ட் கொடுத்த காவல் உரிமை உத்தரவோ தகப்பனின் சம்மதமோ கட்டாயம். ஆவணங்களுக்கு நம் அரசு போட்டுத் தரும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை போதுமா என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டிருந்தார். போதாது அண்ணா, இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. ஆவணம் உண்மையானதுதானா என்று தூதரகம் தன் வழியில் ஆள் வைத்து நேரில் விசாரிக்கும், மாதக்கணக்கில் ஆகும், செலவும் நம்முடையது. பிறப்புச் சான்றிதழில் அவள் அப்பா பெயரில் ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதல், தீர்ப்பில் அது இல்லை, அந்த ஒரு எழுத்துக்காக அம்மா நகராட்சி அலுவலகப் படியை ஏறி இறங்கித் தேய்ந்துபோனார். 2024 மார்ச்சுக்கு முன்பு வீட்டு அளவும் பார்த்தார்கள், 6 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் தலைக்கு 12 சதுர மீட்டர். அதனால் பிள்ளை வரும் முன்பே பெரிய வீட்டுக்கு வாடகை கொடுக்கத் தொடங்க வேண்டியிருந்தது, இதை யாரும் பட்ஜெட்டில் சேர்த்ததில்லை.

நிரந்தர அனுமதி விஷயத்தில் ஈழத்து அம்மாவின் பேச்சு மறுபடியும் கைகொடுத்தது. 2024இல் போய்க் கேட்டபோது கவுன்டரில் இருந்த பெண், "4 வருஷம் ஆகட்டும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மல்லுக்கு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாறிய சட்டப்பிரிவின் எண்ணைப் போட்டு, எனக்கு எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று இரண்டே வரியில் எழுதிக் கேட்டேன். 3 வருஷம் என்று பதில் எழுத்தில் வந்தது, மன்னிப்பெல்லாம் இல்லை. அந்தத் தேதி வந்ததும் 2025இல் விண்ணப்பம். ஓய்வூதியச் சந்தா கட்டிய விவரம், பி1 மொழிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், "ஜெர்மனியில் வாழ்க்கை" தேர்வு. இந்தத் தேர்வுக்குப் பயப்படாதீர்கள், கேள்விகள் அத்தனையும் முன்கூட்டியே வெளியிட்டிருப்பார்கள், 33இல் 15 சரியாக இருந்தால் நிரந்தர அனுமதிக்குப் போதும். குடியுரிமைக்கு 17 வேண்டும், ஆகவே ஒரேயடியாக அதற்கே படித்துவிடுங்கள். அவ்வளவு வருஷம் பயந்த காரியம் மேஜை எதிரே உட்கார்ந்து கைரேகை வைத்துச் சீக்கிரமே முடிந்துபோனது. மகள்தான் நான் சொன்ன ஜெர்மனில் பால்விகுதித் தப்பு இருந்ததாக வழி முழுக்கத் திருத்திக்கொண்டு வந்தாள்.

குடியுரிமை வாங்குவீர்களா என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை, ஆனால் இந்தியா இரண்டை அனுமதிக்காது, நம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியருக்கான அட்டை, எடுக்க வேண்டும். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது, நான் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும்போதே என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்கிறார், அண்ணனுக்கு அதில் சம்மதம் இல்லை. இங்கே இருந்துகொண்டே பவர் கொடுத்துப் பத்திரமும் பட்டா மாற்றமும் முடித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தத் தூதரகத்தில் கையெழுத்து வைத்தீர்கள், ஊரில் சார்பதிவாளர் அதை எடுத்துக்கொண்டாரா என்று எழுதுங்கள்.