எங்கள் வீட்டுக் குழு: கல்யினேரா பள்ளத்தாக்கில் ஒரு நாள்

[காலை 7:55] நான்: எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து ரயிலில் காந்தியா வந்து இறங்கிவிட்டோம். சைக்கிளையும் பெட்டிக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம். இனி ஒலீவா வரை பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை. பிறகு பெகோ என்ற ஊர், அங்கிருந்து மலைக்குள், கல்யினேரா பள்ளத்தாக்குக்குள் நுழைகிறோம். வழியெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். ஒரே மரத்தில் பழமும் தொங்குகிறது, பூவும் பூத்திருக்கிறது. வாசம் ஊரையே தூக்குகிறது.

[7:58] அம்மா: தலைக்கவசம் போட்டிருக்கிறாயா? கூட யார் வருகிறார்கள்?

[8:01] நான்: போட்டிருக்கிறேன் அம்மா. ஊருக்கு வெளியே அது இங்கே சட்டப்படி கட்டாயம். கூட வருவது நான் சொல்வேனே, அந்தத் தோழி. அவள் தாத்தா இந்தப் பள்ளத்தாக்குக்காரர். பயப்படாதீர்கள். சைக்கிளைத் தாண்டும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ஸ்பெயினில் சட்டம் இருக்கிறது. நான் பார்த்தவரை எல்லாரும் விட்டுத்தான் போகிறார்கள்.

[8:04] சித்தப்பா: பாப்பா, ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு மாற்றிவிடு. பாதி ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும். பை பின்னால் மட்டும் கனமாக இருக்கக் கூடாது.

[8:05] நான்: சரி சித்தப்பா. பைகளை இரண்டு பக்கமும் சமமாகத்தான் கட்டியிருக்கிறேன்.

[9:40] நான்: படம். பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டோம். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் செர்ரி மரம். பழம் மே, ஜூனில்தான். மொத்தம் எட்டுச் சிற்றூர்கள், ஒரே சாலையில் மாலை கோத்ததுபோல. பெனிர்ராமா, பெனியாலி, பெனிசிவா, பெனிதாயா, லா கர்ரோஜா, அல்பத்ரோ, யொம்பாய், பெனிசிலி.

[9:43] அத்தை: எல்லாம் பெனி பெனி என்றே வருகிறதே, கண்ணு. அதற்கு என்ன பொருள்?

[9:50] நான்: அரபுச் சொல், அத்தை. இன்னாருடைய பிள்ளைகள், இன்னார் வம்சம் என்று பொருள். நாம் ‘வகையறா’ என்போமே, அதுபோல. இங்கே பல நூறு ஆண்டுகள் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். கிறிஸ்தவ அரசர்கள் பிடித்த பிறகும் அவர்களே உழுதார்கள். அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் 1609இல் மூன்றாம் பிலிப் மன்னர் ஒரே ஆணையில் அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டார். பக்கத்துத் தெனியா துறைமுகத்தில் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள். காலியான வீடுகளில் மயோர்கா தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஊர்ப்பெயர் மட்டும் மாறவே இல்லை.

[9:52] அத்தை: பிறந்த மண்ணை விட்டுப் போகச் சொன்னால் எப்படிப் போவார்கள்? அந்தப் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்.

[9:58] அப்பா: அம்மாடி, நீ அனுப்பிய படத்தில் மரத்துக்குப் பின்னால் படிப்படியாகக் கல்கட்டு தெரிகிறது. கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. சுண்ணாம்போ சிமெண்டோ பூசியிருக்கிறதா என்று பார்.

[10:12] நான்: படம். பூச்சே இல்லை அப்பா. வெறும் கல்மேல் கல். என் தோள் உயரம் இருக்கிறது. மலை அடியிலிருந்து உச்சி வரை இப்படித்தான் தட்டுத் தட்டாகக் கட்டியிருக்கிறார்கள்.

[10:14] அப்பா: பூச்சு இல்லாமல் எத்தனை வருடமாக நிற்கிறது?

[10:15] நான்: பல கட்டுகள் நூற்றாண்டுகளைப் பார்த்தவை என்கிறாள் தோழி. நன்றாக விசாரித்துச் சொல்கிறேன்.

[10:50] அம்மா: காலையில் என்ன சாப்பிட்டாய்?

[10:58] நான்: இப்போதுதான் அம்மா. இந்தப் பக்கத்தில் பத்து மணிக்கு மேல் ‘எஸ்மொர்சார்’ என்று ஒரு சாப்பாடு உண்டு. நீள ரொட்டியைப் பிளந்து உருளைக்கிழங்கு முட்டை அடையை உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள ஆலிவ் காய், வறுத்த வேர்க்கடலை. பக்கத்து மேசையில் எழுபது வயதுக்கு மேல் ஐந்து பேர், எல்லாரும் சைக்கிளில் வந்தவர்கள். மலை ஏறி இறங்கி இங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்களாம்.

[11:20] தம்பி: அக்கா, உன் படத்தில் மலைமுகட்டில் ஒரு ஓட்டை தெரிகிறது. நிஜமா?

[11:26] நான்: நிஜம்தான். பெனியா ஃபொரதா, துளைப்பாறை என்று பொருள். மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் சூரியன் சரியாக அந்தத் துளை வழியே வந்து, கீழே பழைய பிரான்சிஸ்கன் துறவிகள் மடம் இருந்த இடத்தில் விழும். அதைப் பார்க்க ஊரே கூடுமாம். நாங்கள் ஒரு மாதம் பிந்திவிட்டோம்.

[மதியம் 12:35] நான்: சித்தப்பா, இருக்கிறீர்களா? பின் சக்கரம் பஞ்சர். பெனிசிலி தாண்டி ஏற்றத்தில் நிற்கிறோம். வேறு ட்யூப் இருக்கிறது. ஆனால் டயரிலேயே சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு வெட்டு. கூரான சுண்ணாம்புக்கல் கிழித்திருக்கிறது.

[12:36] சித்தப்பா: இருக்கிறேன். முதலில் டயரின் உள்பக்கம் முழுவதும் விரலை மெதுவாக ஓட்டிப் பார். கல் துண்டு உள்ளே இருந்தால் புது ட்யூபும் போய்விடும்.

[12:41] நான்: இருந்தது. அரிசி அளவு ஒரு சில்லு. எடுத்துவிட்டேன்.

[12:42] சித்தப்பா: அப்படியே காற்றடித்தால் ட்யூப் அந்த வெட்டு வழியாகப் பிதுங்கி வெடிக்கும். உள்ளே ஒட்டு கொடுக்க வேண்டும். கடையாக இருந்தால் பழைய டயர்த் துண்டு வைப்பேன். உன்னிடம் கெட்டியான துணியோ தாளோ இருக்கிறதா?

[12:44] நான்: 5 யூரோ நோட்டு இருக்கிறது. அது பருத்தியில் செய்த தாள், எளிதில் கிழியாது.

[12:45] சித்தப்பா: போதும். நாலாக மடித்து வெட்டுக்கு நேரே வை. மேலே ட்யூப். முதலில் பாதிக் காற்று மட்டும் அடித்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீதியை அடி. முழு இறுக்கம் வேண்டாம். சமமான இடத்தில் மட்டும் ஓட்டு, குழியில் இறக்காதே.

[1:10] நான்: ஓடுகிறது சித்தப்பா! கால் மணி நேரமாக ஏறுகிறோம், காற்று இறங்கவில்லை.

[1:11] சித்தப்பா: நல்லது. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக டயரை மாற்று.

[பிற்பகல் 2:30] நான்: ஆல்கலா என்ற மேட்டுச் சமவெளிக்கு வந்திருக்கிறோம். பக்கத்தில் ஆட்சுவியெதா என்ற பாழ் ஊர். 1609இல் விட்டுப்போனவர்களின் வீடுகள். கூரை இல்லை. ஆனால் வாசல் எது, மாட்டுக்கொட்டில் எது என்று இன்னமும் தெரிகிறது. ஒரு நிலைப்படிக் கல் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. அதில் கால் வைக்க மனம் வரவில்லை, சுற்றிக்கொண்டு போனேன்.

[2:34] அத்தை: சரியாகச் செய்தாய், கண்ணு.

[4:05] நான்: படம். எபோ பள்ளத்தாக்கு. கரிக்கட்டையாக நிற்பவை பைன் மரங்கள். 2022 ஆகஸ்டில் மின்னல் தாக்கிப் பிடித்த தீ. சுமார் 12 ஆயிரம் ஹெக்டேர் போய்விட்டது. இந்தச் சாலையில் நிழலே இல்லை. சாம்பல் நிறச் சரிவில் முதலில் எழுந்து வந்தது எது தெரியுமா அப்பா? பனை!

[4:07] அப்பா: அங்கே பனையா?

[4:12] நான்: குட்டைப் பனை. இங்கே பெரும்பாலும் இடுப்பு உயரம்தான். ஐரோப்பாவில் இயற்கையாகவே வளரும் பனை இது. மேலே எரிந்தாலும் அடித்தண்டிலிருந்து திரும்பத் துளிர்த்துவிடுகிறது. ஓலை விசிறிபோலத்தான் இருக்கிறது, காம்பில் முள். இதில் கூடையும் துடைப்பமும் முடைவார்கள். பக்கத்து ஊர் காத்தா தெ கோர்கோஸ் அந்த வேலைக்குப் பேர்போனது.

[4:15] அத்தை: ஒரு கூடை வாங்கி வா. பின்னல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

[4:16] நான்: கட்டாயம் வாங்கி வருகிறேன், அத்தை.

[5:20] சித்தப்பா: இறக்கம் வந்துவிட்டதா? பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்காதே. வளைவுக்கு முன்னால் பிடி, வளைவில் விடு. டயரில் நோட்டு இருப்பதை மறக்காதே.

[6:10] நான்: இறங்கிவிட்டோம். எபோவிலிருந்து பெகோ வரை கொண்டை ஊசி வளைவுகள், சிறுமலைச் சாலை மாதிரியே. ஒரு வளைவில் திரும்பினால் கடல் தெரிகிறது, அடுத்த வளைவில் மறைகிறது. கடலுக்கும் மலைக்கும் நடுவே சதுப்பு நிலம். அதில் நெல் போடுகிறார்கள் அம்மா. பொம்பா என்று குட்டை அரிசி. குழம்புச் சாற்றை எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டு, குழையாமல் நிற்கும்.

[6:13] அம்மா: இறங்கிவிட்டாயா, அது போதும் எனக்கு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

[7:05] நான்: அப்பா, அங்கே இரவாகிவிட்டதே, விழித்திருக்கிறீர்களா? கல்கட்டு விஷயம்.

[7:06] அப்பா: அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

[7:18] நான்: தோழியின் தாத்தா கட்டத் தெரிந்தவராம். அவர் சொன்னதை அவள் சொன்னாள். இரண்டு வகைக் கல் வேண்டும். முகத்துக்குப் பெரியது, அதுவும் அடியில் மிகப் பெரியது; பின்னால் போடச் சிறியது. சுவரை நேராக நிறுத்தக் கூடாது, மேலே போகப் போக மலைப்பக்கம் சாய்க்க வேண்டும். இதை நானே கையை வைத்துப் பார்த்தேன், நன்றாகச் சாய்ந்திருக்கிறது. முக்கியமானது முதுகு. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழத்துக்குச் சல்லிக்கல் கொட்டுகிறார்கள். மழைத் தண்ணீர் சல்லியில் இறங்கி, கல் இடுக்கு வழியாக வெளியே கசிந்துவிடும். அல்பத்ரோவில் இடிந்த கட்டு ஒன்றைப் பார்த்தேன். சல்லி இல்லாமல் பின்னால் மண்ணையே போட்டிருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் ஊறி, சுவர் வயிறு தள்ளி விழுந்திருந்தது. படம் அனுப்புகிறேன்.

[7:24] அப்பா: நம் கிணற்றுமேட்டுக் கட்டும் ஐப்பசி மழையில் இப்படித்தான் போனது. சிமெண்ட் பூசிக் கட்டினோம். தண்ணீர் பின்னால் நின்று அழுத்தித் தள்ளிவிட்டது. இத்தனை நாளாகக் கல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

[7:26] சித்தப்பா: அண்ணா, சரிந்த கல் அங்கேயேதானே கிடக்கிறது. சல்லிக்குப் பழைய குவாரிப் பக்கம் கேட்கலாம்.

[7:27] அப்பா: கொத்தனார் சிமெண்ட் மூட்டைக்கு முன்பணம் கேட்டிருந்தார். காலையில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாடி, எவ்வளவு சாய்வு என்று சரியாக வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போகிறது?

[7:29] நான்: நாளை காலை முதல் கட்டைப் பார்த்ததுமே இறங்கி அளந்து அனுப்புகிறேன் அப்பா. பையில் டேப் இல்லை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு மாதிரி விட்டு அளக்கிறேன்.

[7:30] அப்பா: மூன்று இடத்தில் அள.