மேற்கு சகாரா: மக்கள்தொகை, மொழி ஆகிய இரண்டு கட்டங்களை எப்படி நிரப்புவது?

கூழாங்கல் (கேள்வி)

பள்ளி மாணவர்களுக்கான உலக நாடுகள் கையேடு ஒன்றில் ஆப்பிரிக்கப் பகுதியை எழுதி வருகிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் பரப்பளவு, மக்கள்தொகை, மொழி என்று ஒரு சிறிய அட்டவணை உண்டு. மேற்கு சகாராவின் பரப்பளவு ஏறத்தாழ 2,66,000 சதுர கிலோமீட்டர் என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் மக்கள்தொகையை ஒரு நூல் 73,497 என்கிறது. ஒன்று 1,73,600 என்கிறது. மற்றொன்று ஐந்து லட்சத்துக்கும் மேல் என்கிறது. மொழி என்ற கட்டத்தில் சிலர் அரபு என்று மட்டும் எழுதுகிறார்கள், சிலர் ஸ்பானிஷையும் சேர்க்கிறார்கள், வேறு சிலர் பிரெஞ்சு என்கிறார்கள். போதாக்குறைக்கு, தாக்லா என்ற ஊர் ஒரு வரைபடத்தில் அட்லாண்டிக் கரையிலும் மற்றொன்றில் அல்ஜீரியாவுக்குள்ளும் இருக்கிறது. இவற்றுள் எதை நம்புவது?

ஒட்டகச்சுவடு

மூன்று எண்களுமே சரியானவைதாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு மக்களை எண்ணியவை. 73,497 என்பது 1974-ஆம் ஆண்டு ஸ்பெயின் தன் குடியேற்ற ஆட்சியின் இறுதிக் காலத்தில் எடுத்த கணக்கில் வந்த மண்ணின் மக்கள் தொகை. அதற்கு அடுத்த ஆண்டே, 1975 நவம்பரில், மொரோக்கோ ஏறத்தாழ 3,50,000 பேரைப் ‘பசுமைப் பேரணி’ என்ற பெயரில் எல்லைக்கு அனுப்பியது, ஸ்பெயின் விலகியது, மேற்கு சகாராவின் விடுதலைக்காகப் போராடும் போலிசாரியோ முன்னணி 1976 பிப்ரவரி 27-இல் சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசை அறிவித்தது. போருக்கு அஞ்சி ஓடியவர்கள் அல்ஜீரியாவின் திந்தூஃப் நகருக்கு அருகே தங்கினர். அம்முகாம்களில் இருப்போர் 1,73,600 பேர் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு. அந்த முகாம்களுக்கு லாயூன், ஸ்மாரா, அவ்செர்த், பூஜ்தூர், தாக்லா என்று விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். தாங்கள் கண்ட இரண்டாவது தாக்லா அதுதான்.

ஐந்து லட்சம் என்பது மொரோக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டு மண்டலங்களில் 2014-இல் எடுக்கப்பட்ட கணக்கு. அதில் மண்ணின் மக்களான சஹ்ராவிகளும் அடக்கம், வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் படைவீரர்களின் குடும்பங்களும் அடக்கம். யார் எந்த இனம் என்று அந்தக் கணக்கெடுப்பு கேட்பதில்லை. ஆகவே இந்த எண்ணை 73,497-உடன் ஒப்பிட்டு, ‘நாற்பது ஆண்டுகளில் மக்கள்தொகை ஏழு மடங்கு பெருகியது’ என்று எழுதினால் அது பெரும் பிழையாகும்.

ஏட்டுப்பூச்சி

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1974 கணக்கையும் முழுமையானது என்று கொள்ள இயலாது. மழை பெய்த திசையை நோக்கி ஒட்டகங்களுடன் நகரும் குடும்பங்களை ஒரு நாட்டெல்லைக்குள் வைத்து எண்ணுவது எளிதன்று. மேலும் 1957-58 போரின்போது மொரோக்கோவின் தெற்குப் பகுதிக்கு நகர்ந்துவிட்ட குடும்பங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. 1991 போர்நிறுத்தத்துக்குப் பின் தனி நாடா, மொரோக்கோவுடன் இணைவதா என்று ஐ.நா. நடத்தவிருந்த பொதுவாக்கெடுப்பு இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டது. வாக்காளர் யார் என்பதை முடிவுசெய்ய, ஒவ்வொரு குலக்கிளையின் மூத்தவர்களையும் இரு தரப்பிலிருந்தும் அழைத்து உட்கார வைத்து, விண்ணப்பித்தவர் நம்மவர்தானா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஸ்பானியப் பட்டியலில் எச்41, எச்61, ஜே51/52 என்று குறியிடப்பட்ட குலப் பிரிவுகளைப் பற்றிய தகராறே பல ஆண்டுகளைத் தின்றது. இறுதியில் 1,98,469 விண்ணப்பதாரர்களில் 86,386 பேர் தகுதியுடையவர்கள் என்று தற்காலிகப் பட்டியல் வந்தது. அதற்கு எதிராக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் குவிந்தன. வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. தங்கள் அட்டவணையின் அந்த ஒற்றைக் கட்டத்துக்காகத்தான் இவ்வளவும்!

சொல்வேட்டை

மொழியைப் பற்றி நான் சொல்கிறேன். மக்களின் தாய்மொழி ஹசானியா என்னும் அரபு. பனீ ஹசான் என்ற அரபுக் குலத்தாரின் வழியாக வந்ததால் அந்தப் பெயர். அதற்கு முன் அங்கு வழங்கிய செனாகா என்ற பெர்பர் மொழியின் சொற்கள் இன்றும் ஹசானியாவில் ஏராளம். மொரோக்கோ நகரங்களின் தாரிஜா பேச்சரபிலிருந்து இது தெளிவாக வேறுபடுவதால், ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் தெற்கத்தியவரா, வடக்கிலிருந்து வந்தவரா என்பது தெரிந்துவிடும்.

குடியரசின் அரசியலமைப்பு அரபையே ஆட்சிமொழி என்கிறது. ஆயினும் ஸ்பானிஷ் முகாம் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. கியூபாவில் படித்துத் திரும்பிய தலைமுறையும் உண்டு. ஸ்பானிஷில் எழுதும் சஹ்ராவிக் கவிஞர்கள் 2005-இல் மத்ரித்தில் ஒரு குழுவாகவே கூடினார்கள். ஆனால் மொரோக்கோவின் வசமுள்ள லாயூனில், பள்ளியிலும் வணிகத்திலும் இரண்டாம் மொழியின் இடத்தைப் பிரெஞ்சு பிடித்துக்கொண்டது. ஸ்பெயின் ஆண்ட மண்ணில் ஸ்பானிஷ் தேய்ந்து, ஸ்பெயின் ஒருபோதும் ஆளாத அல்ஜீரியப் பாலையில் அது வாழ்கிறது என்பதை நான் முதலில் நம்பவில்லை.

கூழாங்கல்

மிக்க நன்றி. அப்படியானால் ‘ஹசானியா பேசுவோரே சஹ்ராவி மக்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாமா?

சொல்வேட்டை

கூடாது, ஐயா. மொரிட்டானியாவின் பெரும்பான்மை மக்களின் மொழியே ஹசானியாதான். மாலியின் வடக்கிலும், மொரோக்கோவின் தெற்கிலும்கூட அது பேசப்படுகிறது. மறுபுறம், சஹ்ராவிக் குலங்களுள் வைத்து எண்ணப்படும் தெக்னாக்களில் சில கிளைகள் பெர்பர் பேசியவை. இன்னொன்றும் கவனத்துக்குரியது: மொரோக்கோ தன் 2011 அரசியலமைப்பில், ஹசானியாவைத் தன் பண்பாட்டு அடையாளத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று எழுதிப் பாதுகாப்பதாகச் சொல்கிறது. முகாமில் தனி நாட்டுக்குச் சான்றாகக் காட்டப்படும் அதே மொழி, மொரோக்கோவின் தலைநகரான ரபாத்தில் ஒரே நாட்டுக்குச் சான்றாகிறது.

கூழாங்கல்

இவ்வாறு எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். ‘மக்கள்தொகை: மொரோக்கோ ஆளும் பகுதியில், குடியேறியவர்கள் உட்பட, ஐந்து லட்சத்துக்கும் மேல் (2014), அல்ஜீரிய முகாம்களில் குடியரசின் மக்கள் 1,73,600 (2018 மதிப்பீடு). மொழி: ஹசானியா அரபு; முகாம்களில் ஸ்பானிஷும், மொரோக்கோ ஆளும் பகுதியில் தாரிஜா, பிரெஞ்சு ஆகியவையும் வழங்குகின்றன.’

ஒட்டகச்சுவடு

‘குடியரசின் மக்கள்’ என்பதை ‘சஹ்ராவி அகதிகள்’ என்று மாற்றிவிடுங்கள். லாயூனில் இருக்கும் சஹ்ராவிகளையும் தன் மக்கள் என்றே குடியரசு கருதுகிறது. மொரோக்கோ எழுப்பிய ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் மணல் மதிலுக்குக் கிழக்கே, போலிசாரியோ வசமுள்ள நிலத்துக்குத் தங்கள் வரியில் இடமே இல்லை. அங்கே நிலையாக வாழ்வோர் மிகச் சிலர். ஆயினும் ஒரு சொற்றொடராவது சேருங்கள்.