600 கிலோமீட்டர் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை

போன வருஷம் ஆனி மாதம். பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்கு முதல்முறையாகப் போய்த் திரும்பினேன். போக வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 44 வயதில் எனக்கு அது பெரிய விஷயம். வழியில் வயலோரம் சைக்கிளை நிறுத்தி எடுத்த போட்டோவை எங்கள் சைக்கிள் வாட்ஸப் குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒரு தம்பி 600 கிலோமீட்டர் பிரெவே, அதாவது கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம், முடித்த படத்தைப் போட்டார்; சைக்கிள் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் வருவது. தூரம், நேரம், சராசரி வேகம், அவ்வளவுதான். குழு முழுக்க கைதட்டல். நான் என் போட்டோவை அழித்துவிட்டேன். அவர் மேல் கோபமெல்லாம் இல்லை. இது நமக்கு எட்டாத ஆட்டம் என்று மனசு விட்டுப்போனது. மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் தூசி பிடித்துக் கிடந்தது.

அப்புறம் ஆடியில் ஒருநாள், பைக்கில் மச்சான் வீட்டுக்குப் போகும்போது பத்தமடை டீக்கடையில் அதே தம்பி. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஹேண்டில்பார் அழுத்தி அழுத்தி சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்னும் மரத்துக் கெடக்கு அண்ணாச்சி. முடிச்ச அன்னைக்கு சட்டைப் பட்டன்கூடப் போட முடியல. அம்மாதான் போட்டுவிட்டா."

ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்ரோல் பங்க் தரையில் படுத்து அழுதிருக்கிறார். 600-க்கு 40 மணி நேரம் கெடு. இவர் வந்து சேர்ந்தபோது மீதி இருந்தது இருபது நிமிஷம். பிரெவேயில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது, கெடுவுக்குள் வந்தால் போதும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கு முந்தின வருஷம் 200 கிலோமீட்டர் பிரெவேயில் பதிமூன்றரை மணி நேரக் கெடுவைத் தவறவிட்டு, லோடு ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினாராம்.

"இதையெல்லாம் ஏன் தம்பி எழுதல?"

"கேவலமா இருக்கும்னு நெனச்சேன். சரி, நீங்க எதுக்கு அந்தப் போட்டோவை அழிச்சிய?"

அவர் அதைப் பார்த்திருக்கிறார்! எனக்குப் பேச்சு வரவில்லை.

சாதனையை மறைக்கச் சொல்லவே மாட்டேன். அந்த 600 இல்லாவிட்டால் இப்படி ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பட்டன் கதையையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் எண்ணைப் பார்த்து ஒதுங்கியவன், அந்தக் கதையைக் கேட்டு மறுவாரமே பாபநாசம் கிளம்பினேன்.

"மேக்க போகையில காத்து மூஞ்சில அடிக்கும், வேகத்தப் பாக்காதிய. திரும்பும்போது அதே காத்து தள்ளிக்கொண்டு வந்துரும்" என்று சொல்லி அனுப்பினார். வீரவநல்லூர் தாண்டியதும் எதிர்காற்றில் வண்டி நகரவே இல்லை. கல்லிடைக்குறிச்சியில் கெண்டைக்கால் பிடித்து, ஒரு திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். போக வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திரும்பும் வழியில் காற்று அவர் சொன்னபடியே தள்ளியது.

இந்த முறை திண்ணையையும் சேர்த்துக் குழுவில் எழுதினேன். அன்று ராத்திரி, அதுவரை ஒரு வார்த்தை எழுதாத ஒரு டீச்சர் தனியாகக் கேட்டார்: "எனக்கு 15 கிலோமீட்டர்தான் முடியும் சார், ஞாயித்துக்கிழமை கூட வரலாமா?" காலை ஐந்தரைக்கு முருகன்குறிச்சியில் நிற்கச் சொன்னேன். தம்பியும் வருகிறார்.