காலையில் மட்டும் ‘தவறான பாஸ்வேர்டு’: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கும்பகோணம் பக்கம் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மனு, நோட்டீஸ் என்று நாள் முழுக்கத் தமிழ் டைப்பிங்தான். போன வருஷம் இரண்டு மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்து பாஸ்வேர்டு அடித்தால் தவறு என்று வரும். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்தாலும் அதேதான். ரீஸ்டார்ட் செய்து திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு தடவை திறந்துவிடும். அதற்குள் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பத்திரிகை புரூஃப் பார்க்க வந்த ஒருவர் காத்திருந்து அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்.

சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு மேடம், ஃபார்மட் பண்ணணும்” என்றார்கள். சரி என்றேன். 800 ரூபாய். டி டிரைவில் இருந்தது தப்பித்தது. டெஸ்க்டாப்பில் சேர்த்து வைத்திருந்த ஆறு வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள் மொத்தமும் போய்விட்டன. காப்பி எடுத்தீர்களா என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைக்குக் கொண்டுவந்து தமிழ் கீபோர்டைச் சேர்த்து அன்றைய வேலையை முடித்தேன். மறுநாள் காலை, அதே ‘தவறான பாஸ்வேர்டு’. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டெலிபோன் இலாகாவில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் மனு டைப் செய்ய வருவார். அவர்தான் கேட்டார்: “மத்தியானம் லாக் பண்ணிட்டுத் திறந்தா திறக்குதாம்மா?”

“திறக்குது சார்.”

“அப்போ பாஸ்வேர்டு சரிதான். நீங்க அடிக்கிறது அதுக்கு எப்படிப் போய்ச் சேருதுன்னு பார்ப்போம்.”

பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்குமே, அதை அழுத்தச் சொன்னார். புள்ளிகள் இருந்த இடத்தில் தமிழ் எழுத்துகள்! மொழிப் பட்டியலில் தமிழ் முதலில் இருந்ததால், ஆன் செய்ததும் லாகின் திரையும் தமிழ் கீபோர்டோடுதான் வந்திருக்கிறது. நான் தட்டிக்கொண்டே இருந்தபோது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் எப்போதாவது சேர்ந்து அழுந்தி ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது. அப்போதுதான் திறந்திருக்கிறது. ஃபார்மட் செய்தும் பிரச்சினை திரும்பி வந்ததற்குக் காரணம், தமிழை முதலில் வைத்து நானே மறுபடி சேர்த்ததுதான்.

பட்டியலில் ஆங்கிலத்தை மேலே வைத்தார். கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ், அங்கே ‘காப்பி செட்டிங்ஸ்’ போய் வெல்கம் ஸ்கிரீனுக்கும் டிக் போட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. காசு வேண்டாம் என்றார், டீ மட்டும் குடித்தார். அவசரத்துக்கு விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினாலும் மொழி மாறும்.

*

அக்கா, எங்கள் ஆபீஸிலும் காலையில் மட்டும்தான் இப்படி. நான் மதுரையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சர்வர் வழியாக லாகின் ஆகும் டெஸ்க்டாப். தினமும் சாயங்காலம் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டுப் போவோம். மறுநாள் உள்ளே விடாது, தேதி நேரம் பொருந்தவில்லை என்று சொல்லும். எல்லோரும் சர்வரைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சர்வர் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பொதுவாக 5 நிமிஷம் வரைதான் வித்தியாசம் இருக்கலாம். எங்களுடையது வருஷக்கணக்கில் பின்னால் போயிருந்தது. பேட்டரி ஐம்பது ரூபாய்கூட இல்லை. மாற்றிவிட்டு, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் தேதியைச் சரிசெய்தோம், அவ்வளவுதான்.

*

நான் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டைச் சரியாகவே ஏற்றுக்கொள்ளும், ஒரு நொடி கறுப்பாகும், திரும்பவும் லாகின் திரையிலேயே வந்து நிற்கும். கல்லூரியில் சீனியர் அண்ணன் ஒருவர் போனிலேயே வழி சொன்னார். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும், அதில் லாகின் செய்துவிடலாம். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால் 100 சதவீதம் நிறைந்திருந்தது. கம்ப்யூட்டர் தன்னுள் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பழைய லாக் ஃபைல்களை அழித்ததும் உள்ளே போனேன். இரண்டு நாளில் மறுபடி நிறைந்துவிட்டது. ஏதோ ஒரு பிழைச் செய்தி நிற்காமல் சிஸ்லாக் என்ற லாக் ஃபைலில் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் விடிவு. அண்ணன் மூன்று ராத்திரி போனில் கூடவே இருந்தார், அதை மறக்க மாட்டேன்.

*

மதுரைத் தம்பிக்கு: இன்று என் கம்ப்யூட்டரின் நேரத்தையும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். முன்பு பத்திரிகை அடித்தவர்கள் தங்கள் வாட்ஸ்அப்பில் இருந்த படங்களைத் தேடி அனுப்புகிறார்கள். இதுவரை 40 கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை பென்டிரைவிலும் ஒரு காப்பி.