மறு: ‘தொழிற்பெயர்’ வேண்டாமே: ஸ்பென்சரை வைத்து ஒரு மாற்று

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> ஸ்மித், டெய்லர், ஸ்பென்சர் போல வேலையிலிருந்து வந்த ஆங்கிலேயக் குடும்பப்பெயர்களுக்குத் ‘தொழிற்பெயர்’ என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நடத்தல், வருதல், ஆடல் எல்லாம் தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதே சொல்லை இன்னொரு பொருளுக்கும் கொடுத்தால் மொழியியல் மாணவர் பாடு திண்டாட்டம்தான்.

நீங்கள் சொன்ன ஸ்பென்சரையே எடுத்துக்கொள்கிறேன். இலத்தீனில் ‘டிஸ்பென்சாட்டோர்’ என்றால் எடைபோட்டுக் கொடுப்பவர்; பெரிய வீட்டின் சரக்கறை அவர் பொறுப்பில் இருக்கும். நம் மடங்களிலும் கல்யாண வீடுகளிலும் உக்கிராணம் பார்ப்பவர் ஒருவர் இருப்பாரே, அவர்தான். அங்கே நிறுத்துக் கொடுத்தார்கள், இங்கே படியளந்தோம். மருந்து தரும் டிஸ்பென்சரிக்கும் இதே வேர். இந்தச் சொல் பிரெஞ்சில் ‘டெஸ்பென்சர்’ ஆகி, பிரான்சிலிருந்து படையெடுத்த நார்மன்களோடு இங்கிலாந்துக்குப் போனது.

1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் ராபர்ட் டெஸ்பென்சர் என்று ஒருவர் வருகிறார். அவரைப் பொறுத்தவரை அது வேலையைச் சொல்லும் அடைமொழி. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டின் செல்லப்பிள்ளையாக இருந்து 1326இல் ஹெரிஃபோர்டில் கொல்லப்பட்ட இளைய ஹியூ டெஸ்பென்சரோ, அரண்மனையில் வகித்த பதவி சேம்பர்லின், அதாவது மன்னரின் அந்தரங்க அறைகளுக்குப் பொறுப்பாளர். பெயரில் உக்கிராணம், வேலையில் மன்னரின் அறைக்கதவு! அப்புறம் 1508இல் ஆல்தோர்ப் எஸ்டேட்டை வாங்கிய ஸ்பென்சர்கள் ஆடு வளர்த்துப் பணக்காரர் ஆனவர்கள். இளவரசி டயானா அந்த வீட்டுப் பெண். பழைய டெஸ்பென்சர் பிரபுக்களின் வாரிசு என்று இவர்கள் சொல்லிக்கொண்டதை வரலாற்றாசிரியர்கள் பின்னால் மறுத்துவிட்டார்கள்.

ஆக, ராபர்ட்டின் பெயரும் டயானாவின் பெயரும் ஒரே வகை இல்லை. முன்னது அந்த ஆளின் வேலையைச் சொல்வது. பின்னது அப்பாவிடமிருந்து வந்தது. ஒரே கலைச்சொல்லில் இரண்டையும் அடைத்தால் பெயர் வரலாறே காணாமல் போய்விடும்.

முன்னதற்கு ‘வினைப்பெயர்’ என்கிறேன். நான் கண்டுபிடித்தது இல்லை. தொல்காப்பியப் பெயரியலில் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், பண்புகொள் பெயர் என்று வரிசையாகக் கிடக்கிறது. ஆங்கிலேயப் பெயர்களை ஊர், உறவு, வேலை, பட்டப்பெயர் என்று பிரிக்கிறார்களே, அதற்கு ஏறக்குறைய நேராகவே வருகிறது. பரம்பரையாக வருவதற்கு ‘வினைவழிக் குடும்பப்பெயர்’. கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன். ‘வினைவழிக் குடிப்பெயர்’ என்றால் சுருங்கும். ஆனால் இன்றைக்குக் ‘குடி’ என்றதும் பலருக்குச் சாதிதான் நினைவுக்கு வரும், அதனால் விட்டுவிட்டேன்.

> ‘டெஸ்பென்சர்’ முன்பகுதி தேய்ந்து ‘ஸ்பென்சர்’ ஆனதற்குப் புதுச்சொல் தேவை.

தேவையில்லை. ‘தாமரை’ ‘மரை’ ஆனால் முதற்குறை என்கிறோமே, அது போதாதா? அது செய்யுளுக்காகக் குறைப்பது, இது பேச்சில் நிலைத்துவிட்டது என்று ஒருவர் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். இருக்கிற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘முன்னசையிழப்பு’ மாதிரி ஒன்றைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துப்பெயர்ப்பில் நமக்கு ஒரு வசதி. கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சருக்கு ஆங்கிலத்தில் நடுவில் ‘s’ (Spenser), டயானா வீட்டாருக்கு ‘c’ (Spencer). தமிழில் இரண்டும் ஒன்றே. சென்னையில் சீமைச் சரக்கு விற்ற ஸ்பென்சர் கடைக்காரரின் பெயரும் இதேதான். உக்கிராணக்காரர் பெயர் கடைசியில் மவுண்ட் ரோட்டில் ஒரு கடைவாசலில் தொங்கியது பொருத்தம்தானே!

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் வினைப்பெயர், வினைவழிக் குடும்பப்பெயர், முதற்குறை என்ற இந்த மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.