மொழித்திணையா, மொழிக்காட்சியா? 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' பற்றிய கலைச்சொல் விவாதம்

மடல் 1
பொருள்: 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' – சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் சமூகமொழியியல் கலைச்சொல் பட்டியலில் 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' என்ற இந்த ஒரு கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. லான்ட்ரி, பூரிஸ் இருவரும் 1997-இல் தந்த வரையறையைத்தான் எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். சாலைப் பலகை, விளம்பரத் தட்டி, தெருப்பெயர், ஊர்ப்பெயர், கடைப் பெயர்ப்பலகை, அரசுக் கட்டட அறிவிப்பு ஆகியவற்றில் உள்ள மொழியெல்லாம் சேர்ந்து ஒரு நகருக்கோ வட்டாரத்துக்கோ தரும் முகம்தான் அது. அதற்கு இரண்டு வேலைகள் உண்டு என்றும் சொன்னார்கள். இங்கே எந்த மொழியில் பேசினால் காரியம் நடக்கும் என்று தெரிவிப்பது ஒன்று. எந்த மொழிக்கு இங்கே மதிப்பு இருக்கிறது என்று காட்டுவது மற்றொன்று.

இன்று இது தனித் துறை. 2008-இல் டெல் அவிவில் முதல் பட்டறை கூடியது, அடுத்த ஆண்டு சியெனாவில். பாங்காக் (2019), ஹாம்பர்க் (2022) என்று ஊர் மாறி ஊர் நடக்கிறது. 2015 முதல் இதே பெயரில் ஜான் பெஞ்சமின்ஸ் ஓர் ஆய்விதழ் கொண்டுவருகிறது. ஆகவே ஒரு கட்டுரைக்கு ஒப்பேற்றும் சொல் போதாது, ஒரு துறைக்கே பெயர் வைக்கிறோம்.

என் முன்மொழிவு மொழித்திணை. நிலம், அந்நிலத்தில் உள்ள பொருள்கள், அங்கே வாழ்வோரின் நடத்தை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் கட்டி வைக்கத் தமிழில் ஏற்கெனவே திணை இருக்கிறது. முதல், கரு, உரி என்ற பகுப்பு ஆய்வுச் சட்டகமாகவும் கைகொடுக்கும். இடம் முதற்பொருள், பலகைகள் கருப்பொருள், படிப்பவர் கொள்ளும் பொருள் உரிப்பொருள். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

மடல் 2
மறு: 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' – சொல் வேண்டும்

ஐயா, வணக்கம்.

> என் முன்மொழிவு மொழித்திணை.

கேட்க இனிக்கிறது. ஆனால் இது மொழியியல் பட்டியல். மொழியியல் படிப்பவர் காதில் திணை என்றதும் உயர்திணை, அஃறிணைதான் விழும். 'மொழித்திணை' என்று எழுதினால் ஒரு மொழி தன் பெயர்ச்சொற்களை எப்படி வகுக்கிறது என்று படிப்பார்கள். இலக்கியத் துறைக்கு இந்தச் சொல் பொருந்தியிருக்கும். இங்கே வீட்டுக்குள்ளேயே அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார்.

சொல்லின் அழகைப் பிறகு பார்க்கலாம், மோதலை முதலில் பார்ப்போம். கையில் உள்ள மற்றவையும் இதே வடிகட்டியில் சிக்குகின்றன.

மொழிப்பரப்பு: மொழியியலர் எமனோ 1956-இல் இந்தியாவை ஒரு 'லிங்குவிஸ்டிக் ஏரியா' என்றார், அதாவது வெவ்வேறு குடும்ப மொழிகள் நெடுநாள் பழக்கத்தால் பொதுக்கூறுகள் பெற்ற பகுதி. அந்தக் கருத்துக்கு மொழிப்பரப்பு கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. கலப்பில்லாமல் விட்டுவிடுவது நல்லது.

மொழிக்களம்: ஃபிஷ்மனின் 'டொமைன்', அதாவது வீடு, பள்ளி, அலுவலகம் என்று மொழி புழங்கும் வட்டம், களம் என்றே எழுதப்படுகிறது.

மொழிவெளி: எதையும் உள்ளே விடும். அதனாலேயே எதையும் குறிக்காது.

மொழிச்சூழல்: இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' இரண்டு பொருளில் ஓடுகிறது. ஒரு நாட்டில் எத்தனை மொழிகள், யார் எதைப் பேசுகிறார்கள் என்ற தளர்ந்த பொருள் ஒன்று. பொது இடத்தில் கண்ணில் படும் எழுத்து என்ற துறைப்பொருள் மற்றொன்று. முன்னதற்கு மொழிச்சூழல் போதும். நமக்குச் சொல் வேண்டியது பின்னதற்கு. கட்டுரையில் பேசுவோர் எண்ணிக்கை வந்தால் மொழிச்சூழல், பலகை வந்தால் புதுச்சொல் என்று மொழிபெயர்ப்போர் பிரித்துக்கொள்ளலாம்.

என் வாக்கு மொழிக்காட்சிக்கு. 'நிலம்' வேண்டாமா என்று கேட்பீர்கள். ஜப்பானியர் இத்துறையை 'கெங்கோ கெய்கான்' என்கிறார்கள். கெய்கானில் உள்ள இரண்டு எழுத்துகளும் காட்சி, நோக்கு என்ற பொருளின. மண் அதில் இல்லை. ஒரு குறையும் நேரவில்லை.

மடல் 3
மறு: மறு: 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' – சொல் வேண்டும்

அம்மா,

திணை வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். காட்சியிலும் சிக்கல் இருக்கிறது. திரைப்பட விமர்சனத்தில் 'காட்சிமொழி' நன்றாகவே வேரூன்றிவிட்டது. மொழிக்காட்சி, காட்சிமொழி இரண்டும் தலைகீழ் இரட்டையர். தேடுபொறியில் ஒன்றைத் தேடினால் மற்றது வந்து குவியும். மேலும் காட்சி என்றால் இன்று பொருட்காட்சி, மாலைக்காட்சி. 'மொழிக்காட்சி நடைபெறும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டால் நுழைவுச்சீட்டு எங்கே என்று கேட்பார்கள்.

பள்ளிப் புவியியலில் பழகிய தோற்றத்தைப் பயன்படுத்தி மொழி நிலத்தோற்றம் என்றால் என்ன?

இன்னொன்று, குடும்பத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்கேப்' விகுதிபோல் பிரிந்து வந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது: பள்ளி வளாகத்துக்கு 'ஸ்கூல்ஸ்கேப்', பச்சை குத்திய உடலுக்கு 'ஸ்கின்ஸ்கேப்', மணத்துக்கு 'ஸ்மெல்ஸ்கேப்'. ஜவோர்ஸ்கி, தர்லோ இருவரும் 2010-இல் எழுத்தோடு படம், கட்டடம் எல்லாவற்றையும் சேர்த்து 'செமியாட்டிக் லேண்ட்ஸ்கேப்' என்றார்கள். நம் சொல்லின் தலைப்பகுதி இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டாமா?

மடல் 4
மறு: மறு: மறு: 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' – சொல் வேண்டும்

நண்பர்களே,

> மொழி நிலத்தோற்றம் என்றால் என்ன?

நிலத்தோற்றம் பாடநூலில் மலை, பீடபூமி, சமவெளி. அது 'லேண்ட்ஃபார்ம்'. அதைவிட ஆபத்து, மூன்று சொல் தொடரை மக்கள் சுருக்குவார்கள். சுருக்கினால் மொழித்தோற்றம். அது மொழி பிறந்த கதை! 'மொழியின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று தலைப்பிட்ட வினாத்தாள் எத்தனை? ஜெர்மானியருக்கும் இதே தலைவலிதான். அவர்களிடம் இதன் நேர்ப் பெயர்ப்பான 'ஷ்ப்ராஹ்லாண்ட்ஷாஃப்ட்' கிளைமொழிப் புவியியலில் முன்பே வேறு வேலையில் இருந்தது.

காட்சிமொழி மோதல் உண்மை. ஆனால் தமிழ்த் தொகையில் பின்னால் நிற்பதே தலை. காட்சிமொழி ஒருவகை மொழி, மொழிக்காட்சி ஒருவகைக் காட்சி. படிப்பவர் குழம்பமாட்டார். தேடலுக்கு ஒரு நிபந்தனை போதும்: ககர ஒற்றோடு ஒரே சொல்லாக எழுதுக. 'மொழிக் காட்சி' என்று இடைவெளி விட்டால் கேலிக்கு இடம்.

குடும்பம் பற்றிக் கேட்டீர்கள். அளவையியலில் காட்சி என்பது கண்ணின் சொத்து மட்டும் அன்று. ஐம்பொறி வழியாக வரும் அறிவு முழுவதும் காட்சி அளவையில் அடங்கும். ஆகவே காதுக்கும் மூக்குக்கும் அதை நீட்ட மரபே இடம் தருகிறது. அதற்காக எல்லாவற்றுக்கும் ஒட்டவைக்க வேண்டாம். 'மணக்காட்சி' கல்யாண வீடு ஆகிவிடும். 'மேனிக்காட்சி'யை எந்த ஆசிரியரும் வகுப்பில் உச்சரிக்கமாட்டார். பள்ளிக்குப் 'பள்ளி மொழிக்காட்சி' என்று முழுத்தொடரே இருக்கட்டும். 'செமியாட்டிக்' வகைக்குக் குறியீட்டுக்காட்சி.

இனி, ஒருவரும் தொடாத சொல்: இந்தத் துறையின் அலகான 'சைன்'. குறி என்று எழுதினால் மொழியியலர் சொசூரின் குறியோடு, அதாவது ஒலிவடிவமும் பொருளும் சேர்ந்த சொல்லலகோடு, கலக்கும். பலகை என்றால் பாதி விடுபடும். டோக்கியோவை ஆய்ந்த பாக்ஹவுஸ் தந்த வரையறை: இடத்தில் எல்லை காட்டக்கூடிய ஒரு சட்டகத்துக்குள் உள்ள எழுத்து எதுவானாலும் அது ஒரு 'சைன்'. கதவில் ஒட்டிய 'தள்ளு' என்ற ஒற்றைச் சொல்லும், கட்டட உச்சியில் உள்ள பெரிய விளம்பரமும், சாக்கடை மூடியில் வார்த்த எழுத்தும், சுவர்க் கிறுக்கலும் ஒன்றுக்கு ஒன்று சமம்.

இந்த அலகை எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன. பாக்ஹவுஸ் டோக்கியோவில் யமனோத்தே வளைய ரயில் நிலையங்களை ஒட்டிய 28 இடங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் தனித்தனியாக எண்ணினார். மொத்தம் 11,834, அவற்றில் பன்மொழி 2,444, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. செனோஸ், கோர்ட்டர் இருவரும் ஸ்பெயினின் டொனோஸ்தியாவிலும் நெதர்லாந்தின் லியோவார்டனிலும் ஊருக்கொரு கடைத்தெருவை எடுத்து, ஒரு கடையின் முகப்பு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டார்கள். 975 படங்கள் 207 அலகுகளாகச் சுருங்கின. ஒரே கண்ணாடியில் உள்ளூர் மொழியில் கடைப்பெயர், ஆங்கிலத்தில் 'திறந்துள்ளது' ஒட்டி, இன்னொரு மொழியில் கையால் எழுதிய தாள் என்று இருக்கட்டும். முதல் முறையில் இது மூன்று ஒருமொழி அலகுகள். இரண்டாம் முறையில் ஒரே ஒரு மும்மொழி அலகு. தெரு ஒன்றுதான், விழுக்காடு தலைகீழ். இரண்டு முறையில் கிடைத்த விழுக்காடுகளை ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைப்பதுதான் இத்துறையில் புதிதாக வருவோர் அடிக்கடி செய்யும் தவறு.

காலம் இன்னொரு சிக்கல். ஸ்போல்ஸ்கி, கூப்பர் இருவரும் எருசலேம் பழைய நகரில் காட்டிய தெருப்பெயர் ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரபும் ஆங்கிலமும் ஜோர்தான் ஆட்சிக்காலத்தவை. எபிரேயம் பின்னாளில் அவற்றுக்கு மேலே பதித்தது. இன்று படம் எடுப்பவருக்கு அது ஒரே மும்மொழிப் பொறிப்பு. வைத்தவர்களைக் கேட்டால் இரண்டு வெவ்வேறு ஆட்சிகளின் இரண்டு வெவ்வேறு செயல்கள். படிவத்தில் 'அடுக்கு' என்று ஒரு நெடுவரிசை இல்லாவிட்டால் இந்தத் தகவல் அப்படியே நழுவிவிடும்.

பொறிப்பு என்று எழுதிவிட்டேன், அதுவே என் முன்மொழிவு. கல்வெட்டுத் துறையின் சொல்தானே, தாளுக்கும் ஒட்டிக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். கொடியில் புலி பொறித்தார்கள், மெழுகில் முத்திரை பொறித்தார்கள். பொறித்தலுக்குக் கல் கட்டாயம் அன்று.

மடல் 5
மறு: மறு: மறு: மறு: 'லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்' – சொல் வேண்டும்

பொறிப்புக்கு என் ஆதரவு. பன்மொழிப் பொறிப்பின் வகைகளையும் கையோடு முடித்துவிடலாமே. உகாண்டாவின் லீரா நகரை வைத்து மெஹ்டில்ட் ரே 2004-இல் நான்கு வகை செய்தார். எல்லா மொழியிலும் ஒரே செய்தி: இரட்டிப்பு. ஒரு மொழியில் முழுச் செய்தி, மற்றதில் பொறுக்கிய பகுதி மட்டும்: துணுக்கு. ஒரு பகுதி இரண்டிலும், மிச்சம் ஒவ்வொன்றிலும் தனித்தனி: இடைக்கலப்பு. மொழிக்கு மொழி வேறு செய்தி, முழுதும் புரிய எல்லா மொழியும் தெரிந்தாக வேண்டும்: நிரப்பு. துணுக்கையும் இடைக்கலப்பையும்தான் குறியிடுவோர் மாற்றிப் போடுவார்கள். ஒரு சோதனை போதும்: ஏதாவது ஒரு மொழியை மட்டும் தெரிந்தவருக்கு முழுச் செய்தியும் கிடைக்கிறதா? கிடைத்தால் துணுக்கு, எந்த மொழிக்காரருக்கும் கிடைக்காவிட்டால் இடைக்கலப்பு.

எந்த மொழி மேலே, எது பெரிதாக என்பதற்கு முன்னிலை மொழி என்று வைக்கலாம். மேலே இருப்பது, இடப்பக்கம் இருப்பது, நடுவில் இருப்பது முதன்மை என்று ஸ்கோலன் இணையர் 2003-இல் சொன்னதை அப்படியே குறியிட்டால், வலமிருந்து எழுதும் மொழிகளில் இடப்பக்க விதி கவிழும். எழுத்தளவையும் தனியாகக் குறித்துவையுங்கள். மேலே சிறிதாக ஒரு மொழி, கீழே பெரிதாக ஒரு மொழி என்ற பொறிப்புகளுக்கு இடம் ஒன்றைச் சொல்லும், அளவு இன்னொன்றைச் சொல்லும்.

மடல் 6
மறு: தொகுப்புக்கான பதிவு

வணக்கம். திணையைத் திரும்பப் பெறுகிறேன். உயர்திணைக்காரர்களிடம் வழக்காட வலு இல்லை. பதிவு இப்படி:

மொழிக்காட்சி (பெயர்): ஓரிடத்தின் பொதுப் பார்வையில் உள்ள பொறிப்புகளில் மொழிகளும் எழுத்துமுறைகளும் தோன்றும் வகையும், அவற்றைப் பற்றிய ஆய்வுத்துறையும். ஒரே சொல்லாக எழுதுக. ஒரு நாட்டில் எந்தெந்த மொழிகளை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற பொருளுக்கு மொழிச்சூழல் காண்க. ஆட்சி: 'இரு நகரங்களின் மொழிக்காட்சியை ஒப்பிடுமுன் பொறிப்பலகு ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.'

பொறிப்பு (பெயர்): எல்லை காட்டக்கூடிய சட்டகத்துக்குள் அமைந்த எழுத்து, மொழிக்காட்சி ஆய்வின் அலகு. எண்ணும் முறையைக் குறிக்கப் பொறிப்பலகு (ஒவ்வொரு பொறிப்பும் தனி அலகு), முகப்பலகு (கடை முகப்பு முழுவதும் ஓர் அலகு) என்ற இரண்டையும் சேர்க்கிறேன்.

ரேயின் நான்கு வகைகளும் முன்னிலை மொழியும் துணைப்பதிவுகளாக வரும். குறியீட்டுக்காட்சியும் வரும். மணம், மேனி இரண்டும் இப்போதைக்கு இல்லை.

'டாப் டவுன்', 'பாட்டம் அப்' இரண்டுக்கும் 'மேலிருந்து', 'கீழிருந்து' என்று எழுதவில்லை. அரசு வைத்ததா, தனியார் வைத்ததா என்பதே அங்கே கேள்வி; ஆகவே அரசுப் பொறிப்பு, தனியார் பொறிப்பு. பன்னாட்டு நிறுவனத்தின் விளம்பரமும் சிறு கடையின் அட்டையும் தனியார் என்ற ஒரே பெட்டிக்குள் விழுகின்றன என்ற குறை மூலச்சொற்களிலும் உண்டு.

மீதி ஒன்றுதான். ஆங்கிலச் சொல் நம் எழுத்தில் இருந்தால் அது எம்மொழிப் பொறிப்பு? எழுத்து ஒரு நெடுவரிசை, மொழி ஒரு நெடுவரிசை என்று பிரித்தால் பாதிச் சண்டை தீரும். வணிகப் பெயர்களுக்கு அதுவும் போதாது. டூஃபி, பிளாக்வுட் இருவரும் 2010-இல் தனிக் கட்டுரையே எழுதும் அளவுக்கு அது இழுபறி. எந்த மொழிக்கும் கணக்கு வைக்காமல் 'வணிகப்பெயர்' என்று தனியே எண்ணி, அதைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு விழுக்காடு தருவதே பாதுகாப்பு. இந்த வரியைப் பதிவின் கீழே குறிப்பாகப் போடுகிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.